5 அங்குல மெகலடான் (அழிஞ்சுபோன ராட்சதச் சுறா) பல், கூடவே மூன்று சின்னப் பல்: மொத்தமா 35,000 கேட்கிறார், தகுமா?

பர்கூர் பட்டறை:
வணக்கம். கிருஷ்ணகிரியில் பழைய காசு, கல் விற்கிற ஒருத்தர் நாலு சுறாப் பல் வச்சிருக்கார். தனித்தனியா தர மாட்டாராம்.

1. கருஞ்சாம்பல் நிறம், 5.1 அங்குலம், 176 கிராம். ஓரம் பூரா பொடி ரம்பப் பல்.
2. வேர் மஞ்சள், கூர் காவி நிறம். ரெண்டு பக்கமும் குட்டிக் கூர். 2.5 அங்குலம்.
3. பளிச்னு வெள்ளை, ரம்ப ஓரம், 2 அங்குலம்.
4. சாம்பல் நிறம், தட்டை, ஓரம் வழவழ. 2 அங்குலம்.

பெரியது கே.ஆர்.பி. அணைக்குக் கீழே தென்பெண்ணை மணலில் கிடைச்சதுன்னு சொல்றார். ரெண்டு நாள் வச்சுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கார். வினிகர் ஊத்தி நுரை வந்தா அசல்ங்கிறாங்க, சரியா?

சேலம் பாறை:
வினிகர் வேண்டவே வேண்டாம். பல் பாஸ்பேட் கனிமம், அமிலம் அதை அரிக்கும். எனாமலின் பளபளப்பு போய்விடும். நுரை வந்தாலும் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு மண்ணால் வரலாம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தென்பெண்ணைக் கதை நடக்காது. நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர் வழியாக அணைக்கு வரும் வரை அந்த ஆறு ஓடுவது நைஸ், கிரானைட் போன்ற கடினப் பாறை மேல். 250 கோடி ஆண்டுப் பழமை என்கிற கணக்கில் வரும் பாறைகள் அவை. கடல் படிவு இருந்தால்தானே சுறாப் பல் வரும்? நம் மாநிலத்தில் அரியலூர், பெரம்பலூர் பக்கம், காரை போன்ற இடங்களில் சுறாப் பல் உண்டு. ஆனால் அது டைனோசர் காலத்துப் படிவு, 6.6 கோடி ஆண்டுக்கும் முந்தையது. மெகலடான் வாழ்ந்தது சுமார் 2.3 கோடியிலிருந்து 36 லட்சம் ஆண்டு முன்பு வரை. அங்கிருந்தும் வந்திருக்காது.

கதை பொய் என்பதால் பல்லும் பொய் என்று ஆகிவிடாது. இந்தோனேசியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கைமாறி வந்திருக்கும். கிடைத்த இடம் உறுதியாகத் தெரிந்த பல்லுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள், அந்தக் கூடுதல் இதற்குக் கிடையாது.

பல்லும் வேரும்:
முதல்ல அளவு. நேர் உயரம் கணக்கில்லைங்க. நுனியிலிருந்து வேரோட எந்த மூலை தூரமோ அதுவரை சாய்வா அளக்கணும், வியாபாரம் நடக்கிறது அந்த அளவில்தான்.

நீங்க சொன்ன அடையாளப்படி 2 வந்து மொராக்கோ பாஸ்பேட் சுரங்கத்து ஓட்டோடஸ், அழிஞ்சுபோன ஒரு பெரிய சுறா. 3 வெள்ளைச் சுறா மாதிரி இருக்கு. அதோட ரம்பப் பல் முரடா, ஒழுங்கில்லாம இருக்கும், மெகலடானுக்குப் பொடியா சீரா இருக்கும். நிறம்தான் உறுத்துது, புதைபடிவம் அவ்வளவு வெள்ளையா வர்றது அபூர்வம். அசல் இக்காலப் பல்லா இருந்தாலும் தொந்தரவு, வெள்ளைச் சுறா சைட்டிஸ் (உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு. 4 ஹஸ்டாலிஸ்ங்கிற அழிஞ்சுபோன சுறாவோடது, போலி பண்ண யாரும் மெனக்கெட மாட்டாங்க.

சோதனை: நகைத் தராசு மேல தண்ணிக் கிண்ணம் வச்சு பூஜ்யம் பண்ணுங்க. பல்லை நூல்ல கட்டி அடியும் ஓரமும் படாம முழுசா முக்குங்க. வேர்ல காத்துக்குமிழ் வர்றது நிக்கட்டும், அப்புறம் காட்டுற எடைதான் கன அளவு. காத்துல இருந்த எடையை அதால வகுங்க. 2.3க்கு மேல வந்தா கல்லான பல்லோட கனம். 1.2 பக்கம் வந்தா ரெசின். கல்பொடி கலந்த ரெசின் நடுவுல எங்கயாவது நிக்கும்.

அடுத்து 10 மடங்கு லென்ஸ்ல வேரைப் பாருங்க, நுண்துளை இருக்கணும். பிறகு இருட்டுல 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடிங்க, பசை வச்சு அடைச்ச இடம் மின்னும்.

ஓசூர் லென்ஸ்:
சூடான ஊசியும் வச்சுப் பாருங்க, ரெசின்னா உருகி பிளாஸ்டிக் வாடை வரும்.

பல்லும் வேரும்:
ஊசியை வேர்ல வச்சிடாதீங்க. உதிராம இருக்க அக்ரிலிக் பூசின அசல் பல்லுலயும் ஊசி ஒட்டும், அதை நம்பி நல்ல பல்லை போலின்னு தள்ளிடுவீங்க. எடைக் கணக்கே போதும்.

பர்கூர் பட்டறை:
பார்த்தாச்சு.
1: தண்ணியில 71. வகுத்தா 2.48. ஆனா டார்ச்ல வேரோட ஒரு மூலை நீலவெள்ளையா மின்னுது, பட்டறையில ஸ்லாப் விரிசலுக்கு அடைக்கிற எபாக்ஸி மாதிரியே. எனாமலுக்கும் வேருக்கும் நடுவுல இருக்கிற கறுப்புப் பட்டையில அசிட்டோன் பஞ்சு வச்சா கறுப்பு வருது.
2: வேர், கூர் சேர்ற இடத்துல மணல் அப்பியிருக்கு. அசிட்டோன்ல மணல் இளகி வந்துச்சு, உள்ளே கோடு.
3: 11.4 கிராம், தண்ணியில 9.5.
4: 2.6 வந்துச்சு, எங்கயும் மின்னலை.

பல்லும் வேரும்:
3 சுத்த ரெசின் வார்ப்பு, 1.2தான் வருது. ஓரத்துல அச்சுக் கோடு தெரியுதா பாருங்க.

2 கூட்டுப் பல். ஒரு பல்லோட கூர், இன்னொண்ணோட வேர், இணைப்பை மறைக்க மணல் அப்பியது. மொராக்கோ சரக்குல இது சகஜம். முழுசா இருந்தாலே சில டாலர்தான், இதுக்கு மதிப்பு போடாதீங்க.

1 அசல் மெகலடான், வேர் மூலை உடைஞ்சு அடைச்சிருக்காங்க. அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் பூர்லெட்னு சொல்றது. அசல்ல அது மெல்லிசா இருக்கும், அடிக்கடி உரிஞ்சு போகும், அதனால முழுசா இருந்தா விலை ஏறும். இங்க பெயிண்ட். அசிட்டோனுக்கு இளகாத எபாக்ஸி அடியில இன்னும் இருக்கலாம், ரம்ப ஓரத்தையும் டார்ச்ல ஒரு சுத்து பாருங்க. சீரான பல் வரிசையில திடீர்னு ஒழுங்கு தப்பினா அது கையால செதுக்கினது.

5 அங்குலம், வேர், நுனி, பட்டை, ரம்பம் எல்லாம் கெடாம இருந்தா வெளிநாட்டுல சில நூறு டாலர் போகும். 6 அங்குலம் தாண்டினா விலை தாவும். ரிப்பேர் பண்ணினது அதே அளவுல பாதிக்கும் கீழே. விற்கிறவங்க போட்டிருக்கிற விலையைப் பார்க்காதீங்க, வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. 1, 4 ரெண்டுக்கும் சேர்த்து 10,000 சொல்லுங்க. நான் அதுக்கு மேல போக மாட்டேன்.

பர்கூர் பட்டறை:
சரிங்க. வேர்ல மயிரிழை விரிசல் இருக்கு, பெவிக்விக் விடலாமா?

சேலம் பாறை:
கூடாது. அது நாளாவட்டத்தில் மஞ்சளாகி நொறுங்கும், எடுக்கவும் சிரமம். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாரலாய்ட் பி-72 என்கிற அக்ரிலிக் பிசின் மணிகளை வாங்கி, 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் கரைத்து, பல் நன்றாக உலர்ந்த பின் தூரிகையால் விரிசலில் விடுங்கள். குடித்து நின்றதும் மேலே மிஞ்சியதை அசிட்டோன் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பெயிண்ட் பூசிய பட்டைப் பக்கம் அந்தப் பஞ்சு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் செய்யாதீர்கள், அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும்.