சுத்தம் பார்க்கிறவர்களே குப்பையைப் பிரிக்க மறுப்பது ஏன்?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். வேளச்சேரிப் பக்கம் 42 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன், போன வருடம் முதல் அசோசியேஷன் செயலாளர். பொறுப்புக்கு வந்ததும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னோம். வீட்டுக்கு ஒரு பச்சைத் தொட்டி, ஒரு நீலத் தொட்டி வாங்கிக் கொடுத்தோம், லிப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினோம், வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் படம் போட்டோம். எட்டு மாதம் ஆகிறது. ஒழுங்காகப் பிரிப்பது 15 வீடு இருக்கும்.

பிரிக்காதவர்கள் அழுக்காக இருப்பவர்கள் இல்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு மாமா, குளிக்காமல் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டார், வாசலில் தினம் கோலம். அவர் சொல்கிறார், "எச்சிலும் மிச்சமுமாகக் கிடக்கிறதைக் கையை விட்டுப் பிரி என்கிறாயே, நியாயமா?" இன்னொருவர், "மெயின்டனன்ஸ் கட்டுகிறேன், அதில் இதுவும் சேர்த்திதான்" என்கிறார். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு திட்டியதும் இதே ஆட்கள்தான். அந்த மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே இருக்கிறது. அதே வருடம்தான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

ஆக, விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்யாதவர்களிடம் எப்படிப் பேசுவது? அபராதம் போடலாம் என்கிறார்கள் கமிட்டியில், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

தம்பி, அந்த மாமா மேல் கோபப்படாதீர்கள். அவருக்குச் சுத்தம் என்பது பெரிய விஷயம், அதைப் பிடித்துக்கொண்டே பேசலாம்.

நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரும் காய்த் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும், அது மாட்டுக்கு. சாம்பல் பாத்திரம் துலக்க. இலையும் சாணமும் கொல்லைக் குப்பைக்குழியில் மக்கி வயலுக்கு எருவாகப் போகும். உடைந்த கண்ணாடித் துண்டைக் கழுநீரில் போட்டால் மாட்டின் வாயைக் கிழிக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பிரிப்பது என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் கிடையாது, ஏனென்றால் யாரும் கலக்கவே இல்லை. பாலிதீன் பை வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தெருவில் வைக்கலாம் என்று ஆன பிறகுதான் இந்தப் பழக்கம் போயிற்று.

அதனால் "பிரியுங்கள்" என்று நோட்டீஸ் போடாதீர்கள், "கலக்காதீர்கள்" என்று போடுங்கள். கத்தரிக்காய் நறுக்கும்போதே காம்பு ஒரு பாத்திரத்தில் போனால் அதில் எச்சிலே கிடையாது. பால் கவரைத் தண்ணீர் விட்டு அலசிக் கொடியில் போட்டால் அதிலும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்த பிறகுதானே அது தொட முடியாததாக ஆகிறது? மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கொங்குக்காரன் எழுதியது:

அம்மா சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் மனது மட்டும் மாறினால் போதும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் முதல் மாதம் எல்லோரும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தோம். ஒரு நாள் காலை பால்கனியில் இருந்து பார்த்தால், வந்த வண்டியில் இரண்டு தொட்டியையும் ஒரே இடத்தில் கொட்டுகிறார்கள். அன்றைக்குப் போன நம்பிக்கை, எவ்வளவு பேசியும் திரும்பவில்லை. "நான் செய்து என்ன ஆகப் போகிறது" என்று கேட்கிறவரைச் சுயநலக்காரர் என்று சொல்லிவிட முடியாது, அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்.

நாங்கள் செய்தது, ஈரக் குப்பையை வெளியே அனுப்புவதையே நிறுத்தினோம். 2016 திடக்கழிவு விதிகள் 5,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள குடியிருப்பு வளாகங்களை மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாக்கச் சொல்லியிருந்தன. நாங்கள் அவ்வளவு பெரிய இடம் இல்லை, இருந்தாலும் ஆரம்பித்தோம். ஓட்டை போட்ட டிரம், ஒரு அடுக்கு காய்க் கழிவு, அதன்மேல் காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள், தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர். வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இலையைக் கூடப் போட்டுக் கிளறிவிட வேண்டும். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் வந்தது. பிரித்துக் கொடுத்த வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு பை கொடுத்தோம். அப்புறம் மற்ற வீட்டுக்காரர்களும் துளசித் தொட்டிக்கு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். இப்போது பாதிக்கு மேல் தேறிவிட்டது.

படிக்கும்பெண் எழுதியது:

சூழலியல் படிக்கிறேன் என்பதால் சொல்கிறேன். பால் ஸ்டெர்ன் (Paul Stern) என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1999ல் எழுதியதில் ஒரு வரிசை வருகிறது: ஒருவர் எதை மதிக்கிறாரோ அது முதலில், அப்புறம் இதனால் யாருக்குக் கேடு என்ற புரிதல், அப்புறம் அந்தக் கேட்டில் என் பங்கும் இருக்கிறது என்ற எண்ணம், இவ்வளவும் சேர்ந்தால்தான் செய்தாக வேண்டும் என்று தோன்றும். உங்கள் ஆட்களுக்குக் கேடு தெரிகிறது, புகையையே சுவாசித்தார்கள். ஈரக் குப்பை காற்றில்லாமல் புதைந்து மீத்தேன் ஆகித்தான் மேடு எளிதாகத் தீப்பிடிக்கிறது, அதில் என் வீட்டுச் சாம்பார் மிச்சமும் இருக்கிறது என்ற எண்ணம்தான் வரவில்லை.

காவிரிக்கரை அம்மாவிடம் மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. எச்சில், தீட்டு என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தொடக்கூடாது, ஆனால் அதைத் தொட இன்னார் இருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணத்தின் இன்னொரு பக்கம்தானே? "அவர்கள் வேலை அது" என்று நம் ஊரில் சொல்லும்போது அதில் சாதி இருக்கிறது, சொல்கிறவருக்கே தெரியாமல்கூட இருக்கும். அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் தொட்டி எத்தனை கலரில் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை.

வடசென்னைப்பெண் எழுதியது:

என் அம்மா தூய்மைப் பணியாளர். ஷேவிங் பிளேடு இரண்டு முறை கையைக் கிழித்திருக்கிறது. நாப்கினையும் டயப்பரையும் பிரித்தெடுத்த கையோடு மதியம் சாப்பிட உட்காருவார், கை கழுவத் தண்ணீர் கேட்டால் சில வீடுகளில் கேட்டை மூடுவார்கள். தனியாகக் கட்டி, பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு குறி போட்டுக் கொடுக்கும் வீடும் உண்டு. எந்தத் தெருவில் எந்த வீடு என்று அம்மாவுக்கு வரிசையாகத் தெரியும், ராத்திரி அந்த வீடுகளைப் பற்றி மட்டும் சந்தோஷமாகச் சொல்வார்.

உங்கள் அசோசியேஷன் கூட்டத்துக்கு உங்கள் பகுதியில் குப்பை எடுக்கும் அக்காவைக் கூப்பிடுங்கள். நின்றுகொண்டு பேச வைக்காதீர்கள், நாற்காலி போடுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது, இத்தனைக்கும் செயலாளர். இன்று காலை கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை முடிய 11 மணி ஆகுமாம், கூட்டத்தை 12க்கு மாற்றியிருக்கிறோம். பழைய பிளேடு போட மூடியுள்ள டப்பா ஒன்றைத் தரைத்தளத்தில் வைத்தாயிற்று. டிரம் வாங்குவது பற்றி கொங்குக்காரன் அண்ணாவுக்குத் தனியாக எழுதுகிறேன், 42 வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள். மாமாவிடம் "கலக்காதீர்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். பதில் சொல்லவில்லை, பச்சைத் தொட்டியை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.