ஃபெலினியின் 'ஜிஞ்சர் அண்ட் ஃப்ரெட்': இவ்வளவு நேரம் காக்க வைத்தது இதற்குத்தானா?

அரைடிக்கெட்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து இதைப் பார்த்து முடித்தேன். இத்தாலிய இயக்குநர் ஃபெலினி எடுத்து 1986இல் வந்த படம். கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெலியாவும் பிப்போவும் ஒரு காலத்தில் இத்தாலியின் சின்னச் சின்ன மேடைகளில் ஹாலிவுட்டின் புகழ்பெற்ற நடன ஜோடி ஜிஞ்சர் ரோஜர்ஸ், ஃப்ரெட் அஸ்டேர் மாதிரி வேஷம் கட்டி டாப் டான்ஸ் ஆடிப் பிழைத்தவர்கள். பிரிந்து முப்பது வருடம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக ஒரு டிவி சேனல் இருவரையும் ரோமுக்கு வரவழைத்து, அந்த ஆட்டத்தை இன்னொரு தடவை ஆடுங்கள் என்கிறது. அவள் ஜூலியெட்டா மாசினா, அவன் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி. இந்த இருவரும் ஃபெலினி படத்தில் ஜோடி சேர்வது இதுதான் முதல் தடவை.

இப்படி ஒரு சேர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்திருக்கிறார்? ரயில் நிலையத்தில் பன்றிக்கால் விளம்பரம். தெருவெல்லாம் குப்பை மூட்டை. ஹோட்டல் வரவேற்பில் டிவி, அறையில் டிவி, திரும்பின பக்கமெல்லாம் டிவி. ஆட்டம் வருவதற்குள் எனக்குக் கால் மரத்துவிட்டது. '8½' மாதிரி ஒரு படம் எடுத்தவர் இப்படித் திண்ணையில் உட்கார்ந்து 'காலம் கெட்டுப்போச்சு' என்று புலம்புவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பத்துக்கு ஐந்து. அதுவும் மாசினா முகத்துக்காக.

கடைசி பெஞ்ச்:
நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பன்றிக்கால் என்றதும் ஆர்வம் வந்துவிட்டது.

பழைய ரீல்:
அரைடிக்கெட் தம்பி, 'ஆட்டம் எப்போ வரும்' என்று கடிகாரம் பார்த்தால் இந்தப் படம் கையில் சிக்காது. காக்க வைப்பதுதான் படமே. அமெலியா வந்து இறங்கியதிலிருந்து யாரோ ஒருவர் அவளைப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டு கூட்டிப்போகிறார், உட்கார வைக்கிறார், எழுப்பி இன்னொரு இடத்தில் உட்கார வைக்கிறார். ஒத்திகை எப்போது என்று கேட்டால் பதில் இல்லை.

முப்பது வருடம் கழித்து அவளும் பிப்போவும் எப்படிச் சந்திக்கிறார்கள், கவனித்தீர்களா? வேறொருவர் எடுத்திருந்தால் வயலின் வாசித்திருப்பார்கள். இங்கே ராத்திரி பக்கத்து அறையிலிருந்து குறட்டை. தூக்கம் வராமல் எரிச்சலோடு போய்க் கதவைத் தட்டுகிறாள். தலைமுடி கொட்டிப்போய், தூக்கம் கலையாத முகத்தோடு ஒரு கிழவன் திறக்கிறான். அவன்தான் ஃப்ரெட்! காதலும் அலுப்பும் ஒரே கதவில் வந்து நிற்கின்றன. இதைவிட நல்ல சந்திப்புக் காட்சியை எனக்குக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொன்று. மாசினாவை ஃபெலினி இதற்கு முன் கதாநாயகியாக வைத்து எடுத்தது 1965இல், 'ஜூலியட் ஆஃப் த ஸ்பிரிட்ஸ்'. அதற்குப் பிறகு இருபது வருடம் கழித்து, அவருக்கு அறுபத்து நாலு வயது ஆகும்போது, மறுபடி கூப்பிடுகிறார். சொந்த மனைவி. இத்தனை வருடம் கழித்து மேடைக்குத் திரும்பக் கூப்பிடப்படும் ஒருத்தியின் பாத்திரத்தையே கொடுக்கிறார். இது புலம்பலா?

அரைடிக்கெட்:
குறட்டைக் காட்சி அருமை, மறுக்கவில்லை சார். ஆனால் அது மொத்தம் ரெண்டு நிமிஷம். மிச்ச நேரத்தில் என்ன? நிகழ்ச்சிக்கு வந்திருக்கும் விருந்தாளிகளின் ஊர்வலம். அந்தரத்தில் மிதக்கும் துறவி, குள்ளர் நடனக்குழு, செத்தவர்களின் குரலைப் பதிவு செய்கிறேன் என்று சொல்லும் பெண், தின்னக்கூடிய உள்ளாடை கண்டுபிடித்தவர், பிரபலங்களைப் போலவே இருப்பவர்கள். இவர்களை வரிசையாக நிறுத்தி, டிவி எப்படி மனிதர்களைக் காட்சிப்பொருள் ஆக்குகிறது பாருங்கள் என்கிறார். ஐயா, அதையேதானே நீங்களும் செய்கிறீர்கள்? சர்க்கஸ், கோமாளி, விசித்திரமான உடம்பு, பெரிய மூக்கு என்று முப்பது வருடம் படம் எடுத்தவர் ஃபெலினி. அதே கடையை டிவிக்காரன் எதிரே போட்டவுடன் கோபம் வருகிறது. எனக்கு இது தொழில் போட்டியாகத்தான் தெரிகிறது.

அப்புறம் இன்னொரு விஷயம், யாரும் பேச மாட்டீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். விளம்பரங்களை இப்படிக் கிழிக்கிறவர் 1984இல் காம்பாரி மதுவுக்கும், 1985இல் பாரில்லா பாஸ்தாவுக்கும் தானே விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்தார். இந்தப் படம் உருவான அதே சமயம்! அந்த பாஸ்தா விளம்பரத்தில் பகட்டான உணவகம், ஆளை மிரட்டும் பரிமாறுபவர்கள். வாயில் நுழையாத பதார்த்தப் பெயர்களுக்கெல்லாம் நடுவில் ஒரு அம்மா 'ரிகட்டோனி' என்கிறார். நல்ல விளம்பரம்தான். ஆனால் ஊருக்கு உபதேசம் வேண்டாமே.

செல்வி:
நான் ஒரு சேனலில் நாலு வருடம் நிகழ்ச்சிகளுக்குப் பங்கேற்பாளர்களை ஒருங்கிணைக்கும் வேலை பார்த்தேன். சேனல் பெயர் வேண்டாம். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: படத்தில் மிகைப்படுத்தியது என்று நீங்கள் நினைப்பதில் பாதி மிகையே இல்லை.

ஒரு தடவை ஒரு பெரியவர் வந்தார், பொய்க்கால் குதிரைக் கலைஞர். காலை ஏழு மணிக்கே மேக்கப் போட்டு உட்கார வைத்துவிட்டோம். அவர் முறை வந்தது ராத்திரி ஒன்பதரைக்கு. ஒளிபரப்பில் வந்தது ஒன்றரை நிமிடம். அதிலும் பாதி நேரம் கேமரா நடுவர்கள் முகத்தில். நடுவில் நான்தான் அவருக்கு டீ கொண்டு போய்க் கொடுத்தேன். 'பாப்பா, எவ்வளவு நேரம் ஆடணும்னு மட்டும் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி மூச்சை வெச்சுக்கறேன்' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அமெலியா ஒத்திகை ஒத்திகை என்று கேட்டு நடக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்டது.

அதனால் அரைடிக்கெட், விருந்தாளிகளைக் காட்சிப்பொருள் ஆக்குகிறார் என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஒரு மாதம் டிவி பார்க்காமல் இருக்கப் பணம் வாங்கிய அந்தப் பெண்மணியை ஞாபகம் இருக்கிறதா? இனி எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன் என்று அழுகிறாரே. அதைச் சிரிக்க வைக்க எடுத்ததாக நினைத்துத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த அழுகை உண்மையானது. ஆனால் குள்ளர் நடனக்குழு விஷயத்தில் உங்கள் கட்சி. அங்கே ஃபெலினிக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பொறுமை இல்லை.

பழைய ரீல்:
விளம்பரம் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அவர் விளம்பரப் படம் எடுத்தது உண்மை. 1992இல் ஒரு வங்கிக்கும் எடுத்தார். ஆனால் அவர் சண்டை விளம்பரத்தோடு அல்ல. படத்தின் நடுவில் விளம்பரத்தைச் செருகுவதோடு. இரண்டும் வேறு வேறு.

இது புரிய அந்த ஊர் டிவி வரலாறு கொஞ்சம் தேவை. இத்தாலியில் நெடுங்காலம் ராய் என்ற அரசு ஒளிபரப்பு மட்டும்தான். 1957 முதல் 1977 வரை அதில் 'கரோசெல்லோ' என்று ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் சுமார் பத்து நிமிட நிகழ்ச்சி. விளம்பரங்களையே குட்டிக் கதைகளாக எடுத்து அதில் போடுவார்கள். அது முடிந்தால் குழந்தைகள் படுக்கப் போக வேண்டும் என்பது வீடுகளில் எழுதாத சட்டம். அதாவது விளம்பரத்துக்கு என்று ஒரு நேரம், ஒரு மூலை. 1976இல் உள்ளூர் அளவில் தனியார் ஒளிபரப்பலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு வழியாக வந்தவர்தான் தொழிலதிபர் பெர்லுஸ்கோனி. 1980இல் கனாலே 5, அடுத்த நாலு வருடத்துக்குள் இதாலியா 1, ரெத்தே 4 என்று மூன்று சேனல்கள் கையில். ஒரே ஒளிநாடாவை ஊர் ஊராக அனுப்பி ஒரே நேரத்தில் ஓடவிட்டு, 'உள்ளூர்' என்ற சட்டத்தைத் தாண்டினார். 1984இல் சில ஊர் நீதிபதிகள் அதை நிறுத்தினார்கள். பிரதமர் க்ராக்ஸி சில நாட்களில் அவசரச் சட்டம் போட்டுத் திறந்துவிட்டார். அந்தச் சேனல்கள் ஃபெலினியின் படங்களையும் இடையிடையே வெட்டி சோப்பு விற்றன. அவர் வழக்குவரை போனார்.

படத்தில் சேனல் முதலாளியை எல்லோரும் 'கவலியேரே' என்று அழைக்கிறார்களே, அது பெர்லுஸ்கோனியை நாடே அழைத்த பட்டம். பார்வையாளர்களுக்கு அன்றைக்கே யார் என்று தெரியும். எட்டு வருடம் கழித்து, 1994இல், அவர் பிரதமராகவே ஆனார். ஃபெலினி 1993 அக்டோபரில் போய்விட்டார், பார்க்கவில்லை.

அரைடிக்கெட்:
வரலாற்றுக்கு நன்றி சார், நிஜமாகவே தெரியாது. ஆனால் பிற்பாடு நடந்தது படத்தை மெய்யாக்கிவிட்டது என்பதால் படம் நல்ல படம் ஆகிவிடாது. ஜோசியம் பலித்தால் ஜோசியருக்குத்தான் பெருமை, இயக்குநருக்கு என்ன?

இத்தாலியின் மகாகவி தாந்தேயின் பொம்மையை வைத்துக் கடிகாரம் விற்கும் விளம்பரம் வருகிறதே, அந்த நகைச்சுவை எனக்குக் கோபத்தில் எழுதியதாகத்தான் படுகிறது. கோபத்தில் எழுதினால் சிரிப்பு தடித்துப்போகும். ஃபெலினியின் பழைய படங்களுக்கு இசையமைத்த நினோ ரோட்டாவின் இசை இருந்திருந்தால் அந்தத் தடிப்பைக் கொஞ்சம் கரைத்திருக்கும். அவர் 1979இலேயே காலமாகிவிட்டார். இதில் நிக்கோலா பியோவானி. மோசமில்லை, ஆனால் ரோட்டா இல்லை.

மூக்குத்தி:
குறுக்கே ஒரு செய்தி. இந்தப் படத்தின் பெயரே நீதிமன்றம் போனது தெரியுமா? உண்மையான ஜிஞ்சர் ரோஜர்ஸ், என் பெயரை என் அனுமதி இல்லாமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று தயாரிப்பாளர் கிரிமால்டி மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். 1989இல் மேல்முறையீட்டில் தோற்றார். தலைப்புக்கும் படைப்புக்கும் கலை சார்ந்த தொடர்பு இருந்து, மக்களை வெளிப்படையாக ஏமாற்றாத வரை பெயரைப் பயன்படுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் கலைப்படைப்புகளில் பெயரைப் பயன்படுத்துவது பற்றிய வணிகச் சின்ன வழக்குகளில் அடிக்கடி பேசப்படும் தீர்ப்பு இது. சட்டக் கல்லூரியில் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் நான் படத்துக்கே வந்தேன்.

படத்தைப் பற்றி என் கருத்து: தீர்ப்பு இன்னும் விறுவிறுப்பு.

கடைசி பெஞ்ச்:
மூக்குத்தி 😂😂 அடுத்த படத்துக்கு உங்களைத்தான் விமர்சகராகப் போடணும்.

செல்வி:
மூக்குத்தி, சிரித்துவிட்டேன். ஆனால் இவ்வளவு பேசியும் மின்சாரம் போகும் காட்சிக்கு யாரும் வரவில்லையே.

ஆட ஆரம்பித்துச் சில நிமிடத்தில் ஸ்டுடியோ முழுக்க இருட்டு. இசை நின்றுவிட்டது. இரண்டு பேரும் மேடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் படத்திலேயே யாரும் எதையும் விற்காத, யாரும் கத்தாத ஒரே இடம் அதுதான். பிப்போ ஏதோ கனவு மாதிரி இருக்கிறது என்கிறான். நாமெல்லாம் இருட்டிலிருந்து வந்து இருட்டுக்கே திரும்பும் ஆவிகள் என்கிற பேச்சு. கிளம்பிவிடலாம் என்று எழுகிறார்கள், இருட்டிலேயே நழுவப் பார்க்கிறார்கள். அதற்குள் விளக்கு வந்து மாட்டிக்கொள்கிறார்கள். திரும்ப ஆடுகிறார்கள். பிப்போ ஒரு இடத்தில் தடுமாறி விழுகிறான்.

சேனலில் மின்சாரம் போனால் எங்களுக்கு உயிரே போய்விடும். அதே வினாடியில் இந்த இரண்டு பேருக்கும் உயிர் வருகிறது. அந்தக் காட்சி இவ்வளவு அமைதியாகத் தெரிய, அதற்கு முன்னால் அத்தனை இரைச்சல் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். கொஞ்சம் குறைத்திருக்கலாம், சரி.

அரைடிக்கெட்:
உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டினேன் அக்கா. நீங்கள் சொன்னது சரி. ஒன்று கவனித்தேன்: பிப்போ விழும்போது அமெலியா அவனைப் பார்க்கும் பார்வையில் பதற்றம் பாதிதான், மீதி 'எண்ணிக்கை தப்பிவிட்டதே' என்கிற கணக்கு. மேடை ஏறிப் பழகியவள் அப்படித்தான் பார்ப்பாள். பிப்போ பார்வையாளர்களைச் செம்மறிக் கூட்டம் என்று திட்டத் திட்டமிட்டு வந்தவன், திட்டவில்லை, விழுந்தான். படம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த இயக்குநர் அந்த இடத்தில் மட்டும் திட்டுவதை நிறுத்துகிறார். அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கச் சொல்லாதீர்கள்.

பழைய ரீல்:
மன்னிக்க வேண்டாம் தம்பி. கடைசி ரயில் நிலையக் காட்சி வரைக்கும் மறுபடி ஓட்டினீர்களா? பிப்போ பழைய ஆட்டத்தில் வரும் கப்பல் சங்கு மாதிரி ஊதுகிறான். அவள் திரும்புகிறாள். ஒரு கணம் இருவரும் அந்தப் பழைய மேடைக்கே போய்விடுகிறார்கள். அப்புறம் அவளுக்கு ரயில் பிடிக்க வேண்டும். இவனுக்கு எங்கே போவது என்று தெரியாது.

அரைடிக்கெட்:
ஓட்டினேன். அவளிடம் கடன் வாங்குகிறானே, அதையும் பார்த்தேன். ஐந்தை ஆறாக மாற்றிவிட்டேன்.

பழைய ரீல்:
ஒரு மதிப்பெண்தானா!

அரைடிக்கெட்:
அதுவும் உங்கள் ஃபெலினிக்கு இல்லை. காசு கொடுக்கும்போது மாசினா முகத்தில் வருகிறதே ஒன்று, அதற்கு.

கடைசி பெஞ்ச்:
சரி, இன்று இரவு பார்க்கிறேன். பன்றிக்கால் எத்தனையாவது நிமிடம்?