டிரேப்: துவட்சியா, தழைவா?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. அதற்குள் இரண்டு சொற்கள் வேண்டும்.

ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்காக எழுதுகிறேன். கணினியில் உருவாக்கிய மனித உருவத்தின் மேல் துணியைப் போர்த்தி, அது எங்கே மடியும், எப்படித் தொங்கும், நடக்கும்போது எப்படி அசையும் என்று கணக்கிடுவதுதான் பாடம். இந்தக் கணக்கீட்டை 'கிளாத் சிமுலேஷன்' என்கிறார்கள். துணி விழுந்து மடிந்து நிற்கும் இயல்பு 'டிரேப்'. முன்னதற்குத் 'துணிப் பாவனை', பின்னதற்குத் 'துவட்சி' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் படித்துக்காட்டியபோது, துணி களைத்துப்போகுமா என்று ஒரு மாணவி கேட்டாள். மனம் துவண்டது, உடல் துவண்டது என்றே கேட்டு வளர்ந்தவள் அப்படித்தான் கேட்பாள். என்ன செய்யலாம்?

மதுரையிலிருந்து:

துவட்சியைக் கைவிடாதீர்கள். புரள்–புரட்சி, வறள்–வறட்சி, மிரள்–மிரட்சி என்னும் வரிசையில் துவள்–துவட்சி இலக்கணம் பிசகாமல் நிற்கிறது. உருள்–உருட்டு, சுருள்–சுருட்டு போல இதற்குத் துவட்டு என்று பிறவினையும் உண்டு. தலை துவட்டுகிறோமே, துணியைத் துவளவிட்டுத்தானே துவட்டுகிறோம்? களைப்பு என்ற பொருள் பின்னால் ஏறியதாகவே இருக்க வேண்டும். கொடி துவள்வதும் இடை துவள்வதும்தான் முன்னது. பொருநராற்றுப்படை 'அரவுரி அன்ன அறுவை', அதாவது பாம்புச் சட்டை போன்ற துணி, என்கிறது. பாம்புச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் துவட்சி தெரியும்.

பாவனை வேண்டவே வேண்டாம். வடசொல்.

நெல்லையிலிருந்து:

ஐயா, பாவனையை அவ்வளவு விரைவாகத் தள்ள வேண்டியதில்லை. நெசவில் நீளவாட்டு இழை பாவு, குறுக்கிழை ஊடை. பாவு என்றால் பரப்பு. பாவு–பாவனை என்று வந்திருக்கக் கூடாதா? நூலைப் பாவி விரிப்பதுபோல இல்லாததை மனத்தில் விரிப்பது. துணியைப் பற்றிய பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு, பாவு என்ற சொல் அழகுதான். ஆனால் பாவனை வடமொழியின் பாவனாவிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. இங்கே பாவனை என்றால் பயன்பாடு. 'துணிப் பாவனை' என்று தலைப்பிட்டால், துணியை எப்படி உபயோகிப்பது, எப்படித் துவைப்பது என்று சொல்லும் பாடம் என்றே எங்கள் பிள்ளைகள் நினைப்பார்கள். ஒரே குறிப்பை இரு கரையிலும் படிக்க வேண்டுமானால் இந்தச் சொல் ஆகாது.

மதுரை ஐயாவுக்கு ஒன்று: அந்த அடிக்கு முன்னால் 'நோக்கு நுழைகல்லா நுண்மைய' என்று வருகிறது. இழை ஓடும் வழியைக் கண்ணால் காண முடியாத மென்மைக்குத்தான் பாம்புரி உவமை. தொங்குவதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

சென்னையிலிருந்து:

நான் நிரல் எழுதுகிறவன். இலக்கணம் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் துவட்சியில் களைப்பைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது.

நிரலுக்குள் துணி என்பது கட்டம் கட்டமாகக் கோத்த புள்ளிகள். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சுருள்வில் கட்டியதுபோல விசை. பாவும் ஊடையும் நீளாமல் பிடிக்க ஒரு வகை வில், கட்டம் சாய்சதுரமாகச் சாயாமல் பிடிக்க மூலைக்கு மூலை இன்னொன்று, வளையும்போது எதிர்க்க மூன்றாவது. துணி எளிதில் வளையும், ஆனால் எளிதில் நீளாது. அதனால் நீளத்துக்கான வில் மிக விறைப்பாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் காலத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டிக் கணக்கிட வேண்டியிருந்தது. துண்டு கொஞ்சம் பெரிதானால் திரையில் துணி வெடித்துச் சிதறும். 1998இல் பாராஃப், விட்கின் என்னும் கணினி வரைகலை ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட கட்டுரைதான் பெரிய காலத்துண்டுகளிலும் துணி நிலைகுலையாமல் இருக்க வழிகாட்டியது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஆலைகளில் டிரேப்பை அளக்கிறார்கள். 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துணியை 18 செ.மீ. தட்டின் மேல் வைத்து, வெளியே நீண்டு தொங்கும் பகுதியின் நிழலை அளப்பது வழக்கம். துணி தொங்காமல் விறைத்து நின்றால் நிழல் முழுதாக விழும், அளவு 100 விழுக்காடு. தொங்கத் தொங்க எண் குறையும். இதைத் 'துவட்சிக் குணகம்' என்று எழுதினால், குணகம் 90 உள்ள துணிதான் மிகவும் துவளும் என்று மாணவர் நினைப்பார். உண்மையில் அது கஞ்சி போட்டு விறைத்த பருத்தி! மென்மைக்கும் விறைப்புக்கும் சாயாத சொல்தான் நமக்கு வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:

நான் தையல் வகுப்பு நடத்துகிறேன். இத்தனை மடல்களிலும் சேலை கட்டுகிறவர்களின் சொல் ஒன்றுகூட வரவில்லையே!

பட்டு குழைவாக இருக்கிறது என்போம். புதுப் பருத்தி படியவில்லை என்போம். கொசுவம் நிற்கவில்லை என்போம். கால்வரை தாழ்ந்து விழும்படி கட்டினால் 'தழையத் தழையக் கட்டியிருக்கிறாள்' என்போம். துணி உடம்பிலிருந்து விழுகிற விதத்துக்கு வாயில் வரும் சொல் இதுதான். பருத்தியும் தழையும், பட்டும் தழையும், விதம்தான் வேறு. 'தழைவு' என்று வைத்தால் என்ன?

சென்னைத் தம்பிக்கு இன்னொன்று. உங்கள் மென்பொருளில் துணிகளை வெட்டித் தைத்து உருவத்துக்கு மாட்டுகிறீர்கள். சேலையில் தையலே கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி, செருகலாலும் உராய்வாலும் மட்டுமே நிற்கிறது. மடிப்பு மேல் மடிப்பு. எங்கள் பக்கத்துக் கண்டாங்கிக்குக் கொசுவத்தைப் பின்னால் வைப்பது பழைய கட்டு. அதை உங்கள் உருவம் அவிழாமல் கட்டிக்கொண்டு நடக்குமா?

சென்னையிலிருந்து:

அம்மா, அதுதான் மிகக் கடினம். துணி துணியோடு உரசும் ஒவ்வோர் இடத்தையும் கண்டுபிடித்து, ஒன்று மற்றொன்றுக்குள் புகாமல் தடுக்க வேண்டும். கொசுவத்தில் அடுக்கடுக்காக அதுவே நடக்கிறது. நேரத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். தழைவுக்கு என் ஆதரவு.

மதுரையிலிருந்து:

தழைவா? உழவரிடம் தழை என்றால் தழைச்சத்துதான் நினைவுக்கு வரும். தழைத்தல் என்றால் செழித்தல். துவட்சியில் களைப்பு ஒட்டியிருக்கிறது என்று தள்ளிவிட்டு, செழிப்பு ஒட்டிய சொல்லை எடுப்பது எந்த வகையில் முறை?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தழைக்க வேறு, தழைய வேறு. அம்மா சொன்ன 'தழைய' தழைதல் வழி வருகிறது. வளைதல்–வளைவு, வளைத்தல்–வளைப்பு போல, இதன் பெயர் தழைவு, செழிப்புக்குத் தழைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். சங்க மகளிர் தழையைத் தொடுத்து உடுத்தினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சொல்லே உடையோடு பிறந்ததுபோல் இருக்கிறது.

நெல்லையிலிருந்து:

நூலுக்கும் நூலுக்கும் உள்ள உறவை நன்னூல் பாயிரமே சொல்லிவிட்டது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்பவள், வாய் கை, அறிவாகிய மதி நூல் நூற்கும் கதிர். நாம் இங்கே செய்வதும் அந்த நூற்புத்தான். பாவனையை விட மனமில்லை. ஆனாலும் யாழ்ப்பாண நண்பரின் தடை வலுவானது.

கோவையிலிருந்து:

இன்று ஞாயிறு. இனியும் காத்திருக்க இயலாது. தழைவு, தழைவுக் குணகம் என்று அச்சுக்கு அனுப்புகிறேன். துவட்சியை வளைந்துகொடுக்கும் தன்மைக்குத் தனியாக வைத்துக்கொண்டேன். சிமுலேஷனுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் 'உருவகப்படுத்தல்'. நேற்று வகுப்பில் தழைவு என்று சொன்னேன். யாரும் பொருள் கேட்கவில்லை.

மதுரையிலிருந்து:

தழைவை எதிர்த்து இனி எழுதமாட்டேன், ஏற்கவும் இல்லை. ஆனால் உருவகப்படுத்தலை விட்டுவிட முடியாது. உருவகம் அணியிலக்கணச் சொல். முகமே மதி என்றால் அது உருவகம். துணி அசைவதைக் கணக்கிடுவது எப்படி உருவகமாகும்? அடுத்த பதிப்புக்காவது 'ஒப்புருவாக்கம்' என்பதைப் பாருங்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.