அக்ரஹாரத்தில் ஒரு முன்அறை மியூசியம்

பெயர்ப்பலகை கிடையாது, டிக்கெட் கிடையாது. என் பள்ளித் தோழனின் பெரியப்பா, சேலம் அக்ரஹாரம் பக்கம் தன் வீட்டு முன்அறையில் ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்த சௌராஷ்டிரச் சாமான்கள், அவ்வளவுதான். போன ஞாயிறு காலை சும்மா எட்டிப் பார்க்கப் போனவன், வெளியே வரும்போது மணி இரண்டு.

நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன். நெசவுத் தொழில் செய்துவந்த சௌராஷ்டிரச் சமூகத்தார் வீட்டுக்குள் பேசுகிற மொழியைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், தண்ணீருக்குப் 'பனி' என்பார்கள், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கவும் தோன்றியதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் தறிச் சாமான்கள். நூல் சுற்றும் தார்க் குச்சிகள், நூலை நெருக்கும் அச்சு, வெண்பட்டு வேட்டியில் ஒரு முழத் துண்டு. கையால் எறிந்து நெய்த காலத்து நாடா ஒன்றை (ஊடை நூலைக் கொண்டுபோகும் கருவி) என் கையில் கொடுத்தார். விரல் பிடிக்கும் இடம் மட்டும் குழிந்து, எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பாக இருந்தது. "எங்க தாத்தா கை பட்ட தடம் அது" என்றார்.

அப்புறம் ஒரு நோட்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் கேள்வி பதிலாகத் தங்கள் பூர்விகத்தைச் சொல்லும் வழக்கம் இருந்திருக்கிறது: குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து மகாராஷ்டிரத்துத் தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், பிறகு மதுரை. அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் நம் எழுத்து அப்படியே இல்லை. க-வுக்குப் பக்கத்தில் பொடியாக 2, 3, 4. நமக்கு ஒரே க, அவர்கள் பேச்சில் நாலு. ம-வுக்கும் ந-வுக்கும் பின்னால் சில இடத்தில் இரட்டைப் புள்ளி, அங்கே மூச்சை விட்டுச் சொல்ல வேண்டுமாம். பெரியப்பா சொல்லிக் காட்டினார், எனக்கு நாலு முறை முயன்றும் வரவில்லை. அவர்களுக்கென்று தனி எழுத்தும் உண்டு, 2008-இல் கணினி எழுத்துத் தரமான யூனிகோடிலும் சேர்த்துவிட்டார்கள், ஆனால் அந்த வீட்டில் அதை வாசிப்பவர் அவர் ஒருவர்தான்.

மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டின் படம் ஒன்றும் சுவரில் இருந்தது. குஜராத் பக்கத்து லாட நாட்டிலிருந்து போன பட்டு நெசவாளர்கள் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டி, கி.பி. 473-இல் அதைப் புதுப்பித்ததைச் சொல்கிற கல்வெட்டு. அவர்கள் தங்கள் முன்னோர்தான் என்பது பெரியப்பாவின் உறுதியான நம்பிக்கை.

நோட்டை அவர் வாசிக்க வாசிக்க போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டார், நாலு வரியைப் பூச்சி அரித்திருந்தது. சமையலறையிலிருந்து பெரியம்மா அந்த நாலு வரியையும் ராகத்தோடு சொல்லிவிட்டு, "இன்னும் இருக்குது, அந்த நோட்டுல ஏறாதது" என்றார். தாளித்துக்கொண்டிருந்தவரை அப்போது உட்கார வைக்க முடியவில்லை.

வரும் ஞாயிறு பெரியம்மாவுக்காகவே போகிறேன். போனில் பழைய வீடியோக்களை அழித்து இடம் காலி செய்து வைத்திருக்கிறேன்.