இன்குபேட்டருக்கு ‘அடைப்பெட்டி’

கோழி வளர்ப்புக் கருவிகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தாய்க்கோழி இல்லாமல் சூடு கொடுத்து முட்டையைப் பொரிக்க வைக்கிற பெட்டிதான் இன்குபேட்டர். அதற்கு ‘அடைப்பெட்டி’ எதற்கு, ‘பொரிப்பான்’ போதும் என்று நம் குழும அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். சொல் சின்னது, சொல்லவும் எளிது. ஆனால் எண்ணெய்ச் சட்டியில் பொரிக்கிற கருவிக்கும் அதே பெயர் பொருந்திவிடுகிறது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். அதில் முதல் 18 நாளும் அந்தப் பெட்டி செய்வது அடைகாக்கிற வேலைதான். சூடு 37.5 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு இருக்க வேண்டும். முட்டைகளை நாளுக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும், இல்லையென்றால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65, 70 வரை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் குஞ்சு ஓட்டைக் கீறியதும் சவ்வு காய்ந்து இறுகும். குஞ்சு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே செத்துப்போகும். ஆனி, ஆடியில் நம் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி, இராதாபுரம் பக்கம் வீசும் வறண்ட காற்றில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பெரிய பொரிப்பகங்களில் முதல் 18 நாளுக்குச் செட்டர், கடைசி மூன்று நாளுக்கு ஹேச்சர் என்று தனித்தனி இயந்திரங்கள். எல்லாவற்றையும் பொரிப்பான் என்று அழைத்தால், புதிதாகத் தொடங்குபவருக்கு எந்த நாளில் எதை மாற்றுவது என்பதே பிடிபடாது.

நம் ஊர்ப் பெண்கள் ஓலைப்பெட்டியில் மணலோ வைக்கோலோ பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போட்டு, “கோழிய அடைக்கு வச்சிருக்கு” என்பார்கள். அடையும் பெட்டியும் அங்கேயே இருக்கின்றன. ஆகவே செட்டருக்கு அடைப்பெட்டி, ஹேச்சருக்குப் பொரிப்புப் பெட்டி என்று வைக்கலாம். வீட்டுத் தெர்மாகோல் பெட்டியில் இரண்டு வேலையும் ஒன்றிலேயே நடக்கிறது. அதற்கும் அடைப்பெட்டியே போதும், கடைசி மூன்று நாளைப் ‘பொரிப்பு நாள்’ என்று பிரித்துச் சொன்னால் சரி.

‘அடைத்து வைக்கும் பெட்டி’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அடைத்து வைக்க நமக்குப் பஞ்சாரமும் கூடும் இருக்கின்றன. கோழி வளர்ப்பவர் அப்படிப் படிக்க மாட்டார். பொரிந்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 பாகை அளவில் சூடு தருகிற புரூடருக்கு மட்டும் ‘அடை’ என்ற சொல்லைத் தொட வேண்டாம். அங்கே முட்டையே கிடையாது. ‘குஞ்சுக் கதகதப்புக் கூண்டு’ என்றால் நீளம்தான், ஆனாலும் தெளிவு.

அப்புறம், 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்து முட்டையைப் பார்ப்பதற்குக் ‘கரு பார்த்தல்’ என்று எழுதலாம். கரு உயிரோடு இருந்தால் சிவப்பு இரத்தக் குழாய்கள் கிளைவிட்டுத் தெரியும். தெரியாத எல்லாவற்றையும் கூமுட்டை என்று ஒதுக்குகிறோம். அங்கேயும் இரண்டு சொல் வேண்டும். சேவல் சேராததால் கரு கூடாத முட்டை வேறு, கரு கூடி இடையில் செத்த முட்டை வேறு. முன்னதற்குச் சேவலைக் கவனிக்க வேண்டும், பின்னதற்குப் பெட்டியின் சூட்டை. முதல் வகைக்கு ‘வெறுமுட்டை’ என்றும், இரண்டாவதற்கு மட்டும் கூமுட்டை என்றும் வைத்துக்கொள்ளலாமா?

குஞ்சு முதன்முதலில் ஓட்டைக் கீறுவதற்கு அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்தில் தனிச் சொல் புழங்கினால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கிடைக்கும்வரை ‘ஓடு கீறல்’ என்றே பட்டியலில் சேர்த்து வைக்கிறேன்.