வரிகளே இல்லாத இசைத்தொகுப்பு ஏன் கலங்க வைக்கிறது?

செம்பூர்வாசி கேட்கிறார்:

சென்ற மாதம் வீட்டுப் பரணை ஒழித்தபோது அப்பாவின் பழைய கேசட் ஒன்று கையில் அகப்பட்டது. இளையராஜா தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கி 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத்தொகுப்பு அது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுப் பட்டை எப்போதோ விழுந்துபோக, அந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கம்பளித் துணுக்கைக் கத்தரித்து அப்பா ஒட்டியிருந்தார்.

எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் சற்று மெதுவாக ஓடும். பதினைந்து வயது வரை அந்த வயலினை நான் அரைக் கட்டை இறங்கிய சுருதியில்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன் என்பது, பிற்பாடு குறுந்தகட்டில் கேட்டபோதுதான் புரிந்தது. இப்போது கைப்பேசியில் கேட்டால் வாசிப்பவர்கள் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போலத் தோன்றுகிறார்கள். இருந்தும், அதிலுள்ள 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' (பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்) என்ற உருப்படி ஒலிக்கத் தொடங்கியதும் கண் நிறைந்துவிடுகிறது. பாட்டு என்றால் முதலில் வரியைத் தேடுகிற நம்மை, ஒரு சொல்கூட இல்லாத இசை எதைக் கொண்டு அசைக்கிறது? உங்களை அப்படி அசைத்த, முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில் கேட்க வேண்டிய ஒரு தொகுப்பைக் காரணத்தோடு பரிந்துரைக்க வேண்டுகிறேன். தனிப்பாடல்களின் பட்டியல் வேண்டாம்.

மாட்டுங்கா ரசிகர்:

தயங்காமல் 'கால் ஆஃப் தி வேலி' என்பேன். 1967-இல் வெளிவந்தது. சிவகுமார் சர்மாவின் சந்தூர் என்னும் கம்பி வாத்தியம், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், மடியில் படுக்க வைத்து வாசிக்கும் பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார் ஆகிய மூன்றும் சேர்ந்து, காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்கின்றன. விடியலுக்கு ஆகிர் பைரவ், அந்திக்கு பூப், இரவுக்கு தேஷ் என்று ராகங்கள் பொழுதைப் பின்பற்றி நகர்வதால், இடையில் எதையாவது தாண்டிக் கேட்டால் நாளே குலைந்துவிடும். முழுமையாகக் கேட்க வேண்டும் என்று நீங்கள் விதித்த நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான தொகுப்பு எனக்குத் தெரியவில்லை.

நம் காதுக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகத்திலேயே ஊறியவர்கள் நாம். சந்தூரிலோ மெல்லிய மரக்கோலால் கம்பியைத் தட்டியபின் அந்தச் சுரத்தை வளைப்பதற்கு வழியில்லை. ஷண்முகானந்தா அரங்கத்தில் கச்சேரி கேட்டுப் பழகிய எனக்கு, முதல் தடவை அது வெறும் மணியோசையாகத்தான் பட்டது. பூப் வந்தபோது, நாம் மோகனம் என்று சொல்கிற அதே ஐந்து சுரங்கள் அசைவில்லாமல் ஒவ்வொன்றாகத் தெளிந்து நின்றன. குழைவைக் குழலும் கிதாரும் ஏற்றுக்கொள்கின்றன. சந்தூர் வெளிச்சத்தை மட்டும் தருகிறது. தெரிந்த முகத்தை வேறு ஊரில் திடீரென்று பார்த்ததுபோல் இருந்தது.

வயலின் மாணவி, டோம்பிவிலி:

கேள்வியில் உள்ள தொகுப்பைப் பற்றியே சொல்கிறேன். நம் சங்கீதத்தில் தம்புராவின் மேல் ஒரே மெட்டு நடக்கிறது. பக்கவாத்தியமும் அதைத்தான் நிழலாகத் தொடர்கிறது. நீங்கள் குறிப்பிட்ட உருப்படியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற பல பகுதி இசைப்படைப்பின் முன்னுரைப் பகுதி தன் போக்கில் ஓட, ராஜா எழுதிய இன்னொரு மெட்டு அதன் கூடவே தன் வழியில் செல்கிறது. இரண்டையும் ஒருங்கே பின்தொடர முயலும் காது ஏதோ ஒரு கட்டத்தில் தோற்று, சும்மா இருந்துவிடுகிறது. எனக்குக் கண் கலங்குவது அந்த இடத்தில்தான். அடுத்த உருப்படிக்கு 'அண்ட் வீ ஹேட் எ டாக்' என்று பெயர். வீட்டுக்கு வந்தவரோடு நடந்த உரையாடல் அது. வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன் வில்லின் திசையை எங்கே மாற்றுகிறார் என்று காதால் கண்டுபிடிக்க முயன்று நான் இன்னும் வெற்றி பெறவில்லை.

ஒலிநாடா ஆறு விழுக்காடு மெதுவாக ஓடினாலே அரைக் கட்டை இறங்கிவிடும். உங்கள் நினைவு சரியாகவே இருக்கிறது.

தாராவித் தமிழன்:

நான் மாறுபடுகிறேன். பள்ளியில் மராத்தியும் தெருவில் இந்தியுமாக வளர்ந்த எனக்குத் தமிழ் வந்ததே பாட்டு வரிகளின் வழியாகத்தான். ஆகவே வரியில்லாத இசை எனக்குப் பாதி இசை. என் பரிந்துரை, 2005-இல் வந்த ராஜாவின் திருவாசக ஆரட்டோரியோ, அதாவது குரல்களும் இசைக்குழுவும் சேர்ந்த பெரிய பக்தி இசைப்படைப்பு. புடாபெஸ்ட் இசைக்குழுவின் வாத்தியங்களுக்கு நடுவே, 'பொல்லா வினையேன்' என்று அவர் குரல் எழும்போது, பாட்டி திண்ணையில் சிவபுராணம் முணுமுணுத்தது அப்படியே காதில் விழுகிறது. இடையில் வரும் ஆங்கில வரிகள் எனக்கு ஒட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவுப் பணியாளர், அந்தேரி:

அரைக் கட்டை இறங்கிய அந்த டேப்பைப் பற்றிப் படித்ததும் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் ஜெர்மனியின் கேல்ன் நகரில் வாசித்த 'கேல்ன் கான்சர்ட்' நினைவுக்கு வந்தது. 1975 ஜனவரி 24 அன்று இரவு அவருக்கு மேடையில் கிடைத்தது அவர் கேட்ட பியானோ அல்ல. மேல் சுரங்கள் கீச்சென்றும் கீழ்ச் சுரங்கள் வலுவில்லாமலும் ஒலித்த சிறிய ஒன்று. வேறு வழியின்றி நடுப்பகுதியிலேயே அதிகம் தங்கி, இடக்கையால் ஒரே சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரு மணி நேரத்துக்கு மேலான அந்த இசையை அங்கேயே கற்பனையில் உருவாக்கினார். வாசிப்பினூடே அவர் முனகுவதும் கேட்கும். பணி முடிந்து விடியற்காலை முதல் லோக்கலில், காலியான பெட்டியில் கேட்டுப் பாருங்கள்.

செம்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஹார்பர் வழி ரயிலில் 'கால் ஆஃப் தி வேலி' கேட்டேன். வடாலாவில் கூட்டம் நெருக்கியபோதும் ஆட்டிடையனுக்கு இன்னும் பொழுது சாயவில்லை; கடைசி நிலையமான மும்பை சி.எஸ்.எம்.டி.யில் இறங்கியபின், தேஷ் முடியும் வரை நடைமேடை இருக்கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். கேசட்டைக் குறுந்தகடாக மாற்றித் தருபவர் ஒருவரையும் கண்டுபிடித்துவிட்டேன். வேகத்தைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.