தாக்குதல் பாரிஸில், வீடு ரொட்டர்டாமில்: இழப்பீடு கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. போன வருடம் லா சப்பலில் என் தங்கச்சியைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்தார்கள், மணிக்கட்டு உடைந்துவிட்டது. பாரிஸுக்கு வந்து அலைந்தால்தான் நடக்கும் என்று ஒரு வழக்கறிஞர் கையை விரித்துவிட்டார். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/80 சட்டப்படி, வேறு உறுப்பு நாட்டில் வன்முறைக்கு ஆளானவர் தான் வாழும் நாட்டிலேயே விண்ணப்பிக்கலாம். பணத்தைக் குற்றம் நடந்த நாடு தரவேண்டும்.

சிக்கல் மருத்துவச் சான்றிதழில்தான். வேலை செய்ய முடியாத நாட்கள் 35 என்று கிறுக்கியிருக்கிறார்கள், அது 25 போலவும் தெரிகிறது. பிரான்ஸ் சட்டப்படி அந்த நாட்கள் ஒரு மாதமாவது இருந்தால்தான் முழு இழப்பீடு!

நெதர்லாந்திலிருந்து இப்படி விண்ணப்பித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: சான்றிதழை எப்படித் திருத்தி வாங்கினீர்கள்? மொழிபெயர்ப்புச் செலவு யாருடையது? மூன்று வருடக் கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும்.